கார்டைப் பழிக்கும் முன்

எங்கள் டியூசன் மையத்தின் கூட்டக் குறிப்பேட்டில், 2022ஆம் ஆண்டின் பக்கமொன்றில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "கணினிகள் அடிக்கடி நின்றுபோவதற்குக் காரணம், தம்பி செய்த கம்பி வேலை சரியில்லாததே." அந்த வரியை எழுதியவன் நான். மையத்தின் செயலாளர் என்ற முறையில் எழுதினேன். அது தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதம் பிடித்தது. நானோ கணினித் துறையில் பட்டம் பெற்றவன். இக்கழகத்தின் செயலவையில் ஒரு காலத்தில் இருந்தவன்.

நெட்வொர்க் கார்டு, அதாவது நாம் தமிழில் பிணைய அட்டை என்று எழுதுவது, சுமை ஏறும்போது மட்டும் ஏன் கெட்டுப்போகிறது என்பதைப் பற்றி ஆண்டிதழில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். தமிழ்மொழிக் கழகத்து ஏட்டில் கவிதையும் சிறுகதையும் இருக்க வேண்டிய பக்கத்தை இது பிடித்துக்கொள்கிறதே என்று இதழாசிரியர் குழுவும் நினைத்திருக்கலாம். படித்துப் பாருங்கள். இது ஓர் அட்டையைப் பற்றிய செய்தி மட்டுமல்ல.

குருபோங்கை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலாக்கா நகருக்கு வடக்கே, செங், பத்து பெரெண்டாம், பாயா ரும்புட் ஆகிய ஊர்களை ஒட்டிய பகுதி அது. 2004இல் கட்டி முடிக்கப்பட்ட ஹங் ஜெபாட் அரங்கத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது எங்கள் ஊரில்தான் இருக்கிறது. எங்கள் தாத்தா பாட்டி காலத்தில் சுற்றுவட்டாரமெல்லாம் ரப்பர்த் தோட்டம். இன்று வரிசை வீடுகளும் பட்டறைகளும் தொழிற்பேட்டையும். லயத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது தாமான்களில் வளர்கிறார்கள். அவர்களுக்காக ஒரு சமூக மண்டபத்தின் பின்னறையில் சனிக்கிழமை இரவுகளில் நடப்பதுதான் எங்கள் மையம்.

மூடப்பட்ட ஓர் அலுவலகத்திலிருந்து 22 பழைய கணினிகளும், 24 துளைகள் கொண்ட ஒரு சுவிட்சும் நன்கொடையாகக் கிடைத்தன. இணையக் கட்டணம் கட்ட வசதி போதாததால், கணித, அறிவியல் பாடக் காணொளிகளையும் எஸ்.பி.எம். பயிற்சித் தாள்களையும் ஒரு கணினியில் சேர்த்து அதையே சர்வராக்கினோம். பிள்ளைகள் மற்றக் கணினிகளிலிருந்து அதைத் திறந்து பார்ப்பார்கள். கம்பி இழுத்து, முனைகளில் தலை பொருத்தி, எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தவன் படிவம் 5 முடித்துத் தேர்வு முடிவுக்குக் காத்திருந்த ஓர் இளைஞன். காசு வாங்கவில்லை. பொலிதெக்னிக்கில் நெட்வொர்க் படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் நான்கைந்து பிள்ளைகள் வந்தார்கள். எல்லாம் நன்றாக ஓடியது. தேர்வு நெருங்க, 20 பேர் வந்தார்கள். எட்டரை மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் காணொளியைத் திறந்ததும் திரைகள் உறைந்துபோயின. சர்வரின் கம்பியைப் பிடுங்கிச் செருகினால் உயிர் வந்தது. பத்து நிமிடத்தில் மறுபடி போனது. மறுநாள் பகலில் நான் தனியாக உட்கார்ந்து சோதித்தேன். பிங் கொடுத்தேன். நூற்றுக்கு நூறு பதில் வந்தது. "ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் முதல் பிழை இது. நம்மில் பலர் செய்யும் பிழையும் இதுதான். யாரும் இல்லாத நேரத்தில் ஒரு பொருளைச் சோதித்துவிட்டு, அது நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுக்கிறோம். பிங் என்பது ஒரு விநாடிக்கு ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பி, "இருக்கிறாயா?" என்று கேட்பது. 20 பிள்ளைகள் காணொளி பார்ப்பது வேறு. 100 மெகாபிட் வேகமுள்ள ஒரு கம்பியில் 1500 பைட் கொண்ட முழு அளவுப் பொட்டலங்கள் விநாடிக்கு 8,000க்குச் சற்று மேல் போகலாம். எல்லாம் 64 பைட் குட்டிப் பொட்டலங்களாக இருந்தால் ஏறக்குறைய 1,48,800. கிகாபிட் என்றால் அதைப்போல் பத்து மடங்கு. ஒன்றுக்கும் ஒன்றரை இலட்சத்துக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் ஒரு கார்டை நல்லது, கெட்டது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

அங்கே நடப்பதைத் தோட்டத்துப் பால் கொட்டகையை வைத்தே விளக்கிவிடலாம். பால் வெட்டி முடித்தவர்கள் வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள். கிராணி உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு வாளி வரும்போதும் ஒருவர் மணியடித்து அவரைக் கூப்பிட்டால், அவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்து, நிறுத்துவிட்டு, திரும்பப் போய் உட்கார வேண்டும். பத்து வாளிக்கு இது சரி. ஆயிரம் வாளி வந்தால் அவர் எழுவதிலும் உட்காருவதிலுமே பொழுது போய்விடும். கணக்கேட்டில் ஒரு வரிகூட ஏறாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் ஓயாமல் உழைப்பது போலத் தெரியும், பாலோ தரையில் வழியும். கணினியிலும் இப்படித்தான். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கார்டு அடிக்கும் மணிதான் இண்டரப்ட். இந்த நோயை நன்கு ஆராய்ந்து 1996இல் எழுதியவர்கள் ஜெஃப்ரி மோகல், கே.கே. இராமகிருஷ்ணன் என்ற இருவர். இராமகிருஷ்ணன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்தவர். சுமை கூடக் கூடப் பயன் கூடாமல், ஓர் எல்லைக்கு மேல் பயன் சுழியத்தை நோக்கி விழுகிறது என்பதை அவர்கள் காட்டினார்கள். மருந்தையும் சொன்னார்கள்: முதல் வாளிக்கு மட்டும் மணியடி, பிறகு மணியை நிறுத்திவிட்டு, வரிசை தீரும்வரை கிராணி வெளியிலேயே நிற்கட்டும், ஆனால் கணக்கெழுதவும் நேரம் ஒதுக்கட்டும். 2001இல் லினக்ஸ் உலகத்தினர் நாபி என்ற பெயரில் கொண்டுவந்த முறையும் இதே வழியில் வந்ததுதான்.

எங்கள் சர்வரில் இருந்தது ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்.டி.எல். 8139 சில்லு போட்ட பழைய கார்டு. நம் நாட்டில் ஒரு காலத்தில் இணைய மையம் வைத்திருந்தவர்களும் கணினி பொருத்திக் கொடுத்தவர்களும் இதைக் கையால் தொடாமல் இருந்திருக்க முடியாது, அவ்வளவு மலிவு. அனுப்புவதற்கு அதில் நான்கே நான்கு இடங்கள். வரும் பொட்டலங்களை ஒரே நீண்ட வளையத்தில் அடுத்தடுத்துக் கொட்டிவிடும். அவற்றை ஒவ்வொன்றாக அள்ளி வேறிடத்தில் வைப்பது கணினியின் மூளைக்கு விழும் வேலை. 1998இல் ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்துக்கு இதற்கான இயக்கியை எழுதிய பில் பால், நிரலுக்குள்ளேயே இந்தச் சில்லை மனம் வெந்து வைது வைத்திருக்கிறார். நிரல் எழுதுபவர்களிடையே அந்த வசை இன்றும் பேர்பெற்றது.

ஆகவே எங்கள் கார்டு சந்தேகத்துக்கு உரியதுதான். ஆனால் அன்றைக்கு எங்கள் சந்தேகம் கார்டின் மேல் விழவில்லை. முதலில், "லைன் சரியில்லை" என்றார் செயலவைத் தலைவர். காணொளிகள் மண்டபத்துக்குள்ளேயே இருக்கின்றன, வெளி இணையத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று விளக்கினேன். அடுத்து ஒருவர் வைரஸ் என்றார். அதற்கடுத்து இன்னொருவர், "கம்பி போட்டது யாரு? சின்னப் பையன்தானே?" என்றார். அறை அமைதியானது. எல்லாருக்கும் காரணம் கிடைத்துவிட்ட அமைதி அது. தம்பி அங்கேதான் நின்றான். "நான் டெஸ்டர் வச்சுப் பாத்தேண்ணே, எட்டு கம்பியும் சரியா இருக்கு" என்றான் என்னிடம். நான் தலையாட்டினேன். பிறகு குறிப்பேட்டைத் திறந்து அந்த வரியை எழுதினேன்.

கம்பியில் பிழையே வராது என்றும் சொல்ல மாட்டேன். எட்டு இழைகளையும் வரிசை மாறாமல் பொருத்தினாலும், ஜோடி சேர வேண்டியவை ஜோடி சேராமல் போனால், சாதாரண டெஸ்டர் விளக்கு பச்சை காட்டும். 10 மெகாபிட்டில் ஓடும். 100இல் சுமை ஏறினால் சிதறும். எனவே கம்பியைச் சந்தேகித்தது குற்றமில்லை. சோதிக்காமல் எழுதியது குற்றம். அதைவிடப் பெரிய குற்றம் அடுத்த மாதம் நடந்தது. கடையில் ஆயத்தக் கம்பிகள் வாங்கி எல்லாவற்றையும் மாற்றினோம். கோளாறு அப்படியே இருந்தது. அப்போதாவது குறிப்பேட்டைத் திருத்தியிருக்க வேண்டும். யாரும் திருத்தவில்லை. தம்பி வருவதை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது.

பிறகுதான் நான் கார்டின் மேல் பாய்ந்தேன். சர்வரின் பதிவேட்டைப் பார்த்தபோது, அனுப்பும் வேலை நேரத்துக்குள் முடியவில்லை என்று வரிக்கு வரி எழுதியிருந்தது. ஒவ்வொரு முறையும் இயக்கி கார்டை உலுக்கி எழுப்பியிருந்தது. "பார், மட்டமான கார்டு!" என்று மகிழ்ந்தேன். இண்டல் சில்லு போட்ட கார்டு ஒன்றை 90 வெள்ளிக்கு வாங்கி மாட்டினேன். உறைவது நின்றது. ஆனால் 20 பேர் பார்க்கும்போது காணொளி திக்கித் திக்கித்தான் ஓடியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நாம் மனிதர்களிடம் சாதி பார்ப்பதை மேடையில் கண்டிக்கிறோம், கார்டுகளிடம் பார்க்கிறோம். ரியல்டெக் தாழ்ந்தது, இண்டல் உயர்ந்தது என்பது எங்கள் துறையில் வேதவாக்கு. ஓரளவுக்கு அதில் காரணமும் உண்டு. ஆனால் 2013இல் கிறிஸ்டியன் கீல்ஹோஃப்னர் என்ற பொறியாளர் வெளியிட்ட செய்தியைப் பாருங்கள். இண்டலின் 82574எல் சில்லு போட்ட சில கணினிகளில், பொட்டலத்தின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் குறிப்பிட்ட ஒரு மதிப்பு வந்தால் கார்டு அப்படியே செத்துவிடும். மின்சாரத்தை அணைத்துப் போட்டால்தான் எழும். கணினிப் பலகை செய்தவர் சில்லின் நினைவகத்தில் தவறான அமைப்பை எழுதியதே காரணம் என்றது இண்டல். 2020இல் அதே நிறுவனத்தின் ஐ225 சில்லு, சில சுவிட்சுகளோடு இணைந்து 2.5 கிகாபிட்டில் ஓடும்போது பொட்டலங்களைத் தவறவிட்டது. இரண்டு பொட்டலங்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியில் கோளாறு. குலம் உயர்ந்ததாலேயே குணமும் உயர்ந்திருக்கும் என்று இங்கேயும் நம்ப வழியில்லை.

எங்கள் ஊருக்கு இன்னும் நெருங்கிய ஒரு கதை உண்டு. பத்து பெரெண்டாம் தடையற்ற வணிக வளாகத்தில் நேஷனல் செமிகண்டக்டர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 2011இல் அந்த நிறுவனத்தை டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வாங்கியது. 1970கள் தொடங்கி அந்த வளாகத்தில் எழும்பிய ஆலைகளுக்கு மலாய்க்காரப் பெண்களோடு நம் பெண்களும் பால்வாளியை வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். என் சின்னம்மாவும் அந்த வளாகத்து ஆலை ஒன்றில் 17 ஆண்டுகள் நுண்ணோக்கியில் கண் வைத்துச் சில்லு பார்த்தவர்தான். இந்த நேஷனல் செமிகண்டக்டர் வடிவமைத்த டி.பி. 8390 என்ற சில்லுதான் 1980களில் நோவெல் நிறுவனத்தின் புகழ்பெற்ற என்.இ. 2000 கார்டுக்கு இதயம். அதைப் பார்த்து உலகெங்கும் நகல் கார்டுகள் வந்தன. ஏழைக்கு ஏற்ற கார்டு அது.

அந்தக் கார்டில் இருந்த இடம் மொத்தம் 16 கிலோபைட். முழு அளவுப் பொட்டலம் பத்து வைத்தால் நிறைந்துவிடும். 10 மெகாபிட் கம்பியில் அப்படியொரு பொட்டலம் வந்து சேர 1.2 மில்லி விநாடி. கணினி பன்னிரண்டு மில்லி விநாடி அசந்தால் தொட்டி வழியும். வழிவது குற்றமில்லை, எல்லாத் தொட்டியும் வழியும். ஆனால் இந்தச் சில்லு வழிந்தால் தானாக மீளாது. அதை நிறுத்தி, சிறிது காத்திருந்து, குறிப்பிட்ட வரிசையில் மறுபடி எழுப்ப வேண்டும். நிறுத்தம் முடிந்ததா என்று ஓர் அடையாளத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நிறுவனத்தின் தொடக்கக் கால விளக்கத்தாள் சொன்னது. பிறகு வந்த விளக்கத்தாள், அந்த அடையாளத்தை நம்ப வேண்டாம், 1.6 மில்லி விநாடி காத்திருங்கள் என்று திருத்தியது. லினக்ஸ் இயக்கியை எழுதிப் பேணிய டொனால்ட் பெக்கர், பால் கோர்ட்மேக்கர் போன்றோர் வரிசையில் வந்த அந்த நிரலில் இத்திருத்தம் ஒரு குறிப்பாகவே இருக்கிறது. பாதுகாப்புக்காக அவர்கள் 10 மில்லி விநாடி காத்திருக்க வைத்தார்கள். பழைய விளக்கத்தாளை நம்பி இயக்கி எழுதியவரின் கார்டு சுமையில் செத்திருக்கும். பழி யாருக்குப் போயிருக்கும்? கார்டுக்கு. அல்லது அதை மாட்டிய பையனுக்கு.

சில்லைச் செய்தவர்களே தங்கள் விளக்கத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்பதுதான் இதில் என்னைத் தொட்ட செய்தி. ஒரு கூட்டக் குறிப்பேட்டைத் திருத்த எங்களுக்கு மனம் வரவில்லை.

சரி, எங்கள் மண்டபத்துக்கு வருவோம். இண்டல் கார்டும் திக்கியபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் முதன்முறையாக எண்களைப் பார்த்தேன். ஒவ்வொரு கார்டும் தன் பாவ புண்ணியத்தைத் தானே எண்ணி வைத்துக்கொள்கிறது. நாம் கேட்டால் சொல்லும். லினக்ஸில் எத்டூல் என்ற கட்டளை, விண்டோஸில் நெட்ஸ்டாட். பிழையுள்ள பொட்டலம் எத்தனை, இடமில்லாமல் தவறவிட்டது எத்தனை, மோதல் எத்தனை என்று தனித்தனியாக வரும். இதில் ஒரு நுட்பம்: மொத்த எண்ணைப் பார்த்துப் பயனில்லை. வகுப்பு தொடங்கும் முன் ஒரு முறை, 20 பேரும் காணொளி திறந்த பின் ஒரு முறை எழுதிக்கொண்டு, எந்த எண் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். இடமின்மை எண் ஓடினால் கணினி அள்ளுவதில் தாமதம். கார்டின் வளையத்தைப் பெரிதாக்கலாம், இண்டரப்டு எல்லாம் ஒரே மூளையின் தலையில் விழுகிறதா என்று பார்க்கலாம். பிழை எண் ஓடினால் கம்பி, தலை, துளை, அல்லது மறுமுனை. எண்கள் எதுவும் ஓடாமல் கார்டு மட்டும் தொங்கினால் இயக்கியையோ, மின்சேமிப்பு அமைப்பையோ, பெரிய துண்டுகளைக் கார்டே நறுக்கிக்கொள்ளும் வசதியையோ சந்தேகிக்கலாம். அந்த வசதியை அணைத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கம்பியையும் கார்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எது சரிசெய்தது என்று கேட்டால் கடவுளுக்கும் தெரியாது.

எங்கள் கார்டில் ஓடிய எண் மோதல். அதுவும் காலந்தாழ்ந்த மோதல். அது ஓடவே கூடாத எண். சுவிட்சின் அடியில் பழைய உரிமையாளர் ஒட்டியிருந்த தாளில் கடவுச்சொல் இருந்தது. உள்ளே நுழைந்து பார்த்தேன். 24 துளைகளில் 23 துளைகள், எதிரே இருப்பவரோடு தானே பேசி வேகத்தை முடிவு செய்யும் அமைப்பில் இருந்தன. முதல் துளை மட்டும் 100 மெகாபிட், இருவழி என்று கையால் பூட்டப்பட்டிருந்தது. பழைய அலுவலகத்தில் அதில் வேறு ஏதோ முக்கியமான கருவியை மாட்டியிருந்திருக்க வேண்டும். எங்கள் சர்வர் அந்த முதல் துளையில்தான் இருந்தது.

பூட்டப்பட்ட துளை எதிரே இருப்பவரோடு பேசாது. பேச்சு வராததால் கார்டு, வேகத்தை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு, வழி ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளும். விதியே அப்படித்தான், கார்டு செய்ததில் தவறில்லை. இப்போது சுவிட்சு அதை இருவழிச் சாலை என்று நம்புகிறது. கார்டு ஒற்றைப் பாலம் என்று நம்புகிறது. தோட்டத்து ஒற்றைப் பாலத்தில் எதிரே லோரி வந்தால் நின்று வழிவிட்டுப் போவது போல, கார்டு தன் பொட்டலத்தைப் பாதியில் விட்டுப் பின்வாங்கும். நாளைக்கு நான்கு வண்டி போகும் பாலத்தில் இந்தக் குழப்பம் யாருக்கும் தெரியாது. பிங் நூற்றுக்கு நூறு வாங்கும். 20 பிள்ளைகள் வந்தால்தான் லோரியும் லோரியும் முட்டும். மட்டமான கார்டு அந்த முட்டலில் மயங்கி விழுந்தது. நல்ல கார்டு மயங்காமல் அடி வாங்கிக்கொண்டே நின்றது. கார்டு மாற்றியதால் நோயின் குரல் அடங்கியதே தவிர நோய் போகவில்லை.

அந்த ஒரு துளையின் பூட்டை எடுத்தேன். செலவு ஒரு காசில்லை. அன்று இரவு 22 கணினியிலும் காணொளி ஓடியது. பழைய ரியல்டெக் கார்டையும் மறுபடி மாட்டிப் பார்த்தேன். கொஞ்சம் மூச்சு வாங்கியது, ஆனால் விழவில்லை.

தலைவரிடம் சொன்னபோது, "காலந்தாழ்ந்த மோதல்" என்று தமிழிலேயே சொன்னேன். உடனே அவர், "ஒருத்தர் முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தர் பேசறதா? நம்ம மீட்டிங் மாதிரி" என்றார். ஏழு மாதமாக ஆங்கிலத்தில் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அது உறைத்தது. அவருக்குப் புரியாத மொழியில் நான் பேசிய நேரமெல்லாம், புரிந்த ஒரே காரணத்தை அவர் பிடித்துக்கொண்டார்: சின்னப் பையன்.

என் கருத்து இதுதான். சுமையில் மட்டும் தோன்றும் கோளாறுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது கூட்டத்தின் முன்னால் நடக்கிறது. தனியே சோதிப்பவனிடம் ஒளிந்துகொள்கிறது. கூட்டத்துக்கு உடனே ஒரு பதில் வேண்டும். அப்போது கையில் எண் இல்லாவிட்டால், அங்கே இருப்பவர்களில் யார் மிக எளியவரோ அவர் தலையில் பழி போய் உட்காரும். பட்டம் பெற்றவன் தலையில் உட்காராது; நன்கொடை கொடுத்தவர் தலையில் உட்காராது. அளந்து பார்ப்பதைப் பொறியாளரின் தொழில்நேர்த்தி என்று மட்டும் நான் இப்போது நினைப்பதில்லை. எளியவனுக்கு அது ஒரு சாட்சி.

இதற்கு மறுப்பும் உண்டு. "40 வெள்ளி கார்டுக்கு ஏழு மாத ஆராய்ச்சியா? எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கினால் ஒரே நாளில் முடிந்திருக்குமே" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். பெரிய நிறுவனத்தில் அது சரியான முடிவாகவே இருக்கலாம். பொறியாளரின் ஒரு மணி நேரம் கார்டைவிட விலை கூடியது. புதிய சுவிட்சு வாங்கியிருந்தால் எங்கள் கோளாறும் காரணம் தெரியாமலே மறைந்திருக்கும். ஆனால் தோசை விற்றுச் சேர்த்த பணத்தில் 3,000 வெள்ளி போயிருக்கும். குறிப்பேட்டில் அந்த வரியும் அப்படியே நின்றிருக்கும்.

கழகத்து இளையோருக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் தோட்டப்புறப் பள்ளிகளுக்கும் மண்டபங்களுக்கும் கணினிப் பட்டறை நடத்தப் போகிறீர்கள். கணினிகளைப் பொருத்திக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். அடுத்த முறை ஒரு தாளையும் அங்கே விட்டு வாருங்கள். எந்தக் கணினி எந்தத் துளையில், துளையின் அமைப்பு என்ன, யாரும் இல்லாதபோது எண்கள் எவ்வளவு, எல்லாரும் உட்கார்ந்தபோது எவ்வளவு. எல்லாரையும் உட்காரவைத்து ஒரு முறை ஓட்டிப் பார்க்காமல் ரிப்பன் வெட்டாதீர்கள். தாளைத் தமிழில் எழுதுங்கள், அங்கிருக்கும் தலைவருக்கும் தாய்மாருக்கும் புரியும்படி. சொல் கிடைக்காவிட்டால் கார்டு, சுவிட்சு என்றே எழுதுங்கள், குடிமுழுகிப் போகாது.

கோளாறு தீர்ந்த மறுவாரம் தம்பியின் வீட்டுக்குப் போனேன். அவன் பொலிதெக்னிக்குக்கு விண்ணப்பிக்கவில்லை. பத்து பெரெண்டாமில் ஓர் ஆலையில் இரவு வேலை. அப்போதுதான் எழுந்து வந்தான். நடந்ததையெல்லாம் சொன்னேன். மோதலைப் பற்றியும் பூட்டிய துளையைப் பற்றியும் விளக்கியபோது முகத்தில் பழைய ஆர்வம் வந்தது. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணே" என்றான். அவன் அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

சிறிது நேரம் கழித்து, "எந்தத் துளைண்ணே பூட்டியிருந்துச்சு?" என்று கேட்டான்.

"ஒண்ணு."

"நான் கடைசியிலதான் போட்டிருந்தேன். சர்வர் முக்கியம், முதல்ல இருக்கட்டும்னு நீங்கதான் மாத்தச் சொன்னீங்க."

எனக்கு அது நினைவில்லை. ஆனால் குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, அதற்குக் கீழே அவன் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.